குளியலறை விறகு பாய்லரும் புகைப்போக்கியும்: வீட்டாருக்கு ஒரு விளக்கம்

சென்ற மார்கழியில் ஒருநாள் காலை, குழந்தை பெற்றுப் பதினெட்டு நாள்களே ஆன இளந்தாய் ஒருவரை அவருடைய தாயாரும் கணவரும் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வந்தனர். குளித்துவிட்டு எழுந்தவருக்குத் தலை சுற்றியது. இரண்டு முறை வாந்தி எடுத்தார். பின்னர் நினைவு தடுமாறிச் சுவரைப் பிடித்தபடி சரிந்துவிட்டார். இரத்த அழுத்தம் சற்றுக் குறைவு, நாடித்துடிப்பு மிகுதி. விரலில் பொருத்திய ஆக்சிஜன் அளவி 98 என்று காட்டியது. பிள்ளைபெற்ற உடம்பு, வெறும் வயிறு, வெந்நீர்க் குளியல் ஆகிய மூன்றும் சேர்ந்து மயக்கத்தை உண்டாக்கியிருக்கும் என்று வீட்டார் கருதினர். எங்களுக்கும் முதலில் அவ்வாறே தோன்றியது.

பணியில் இருந்த செவிலியர் கேட்ட ஒரு கேள்விதான் வழியைத் திறந்தது. "வீட்டில் வேறு யாருக்காவது தலைவலி இருக்கிறதா?" என்றார் அவர். "எனக்கும் காலையிலிருந்து மண்டை கனக்கத்தான் செய்கிறது, பேத்திக்காக இரவெல்லாம் விழித்ததால் என்று இருந்துவிட்டேன்" என்றார் தாயார். அவர்தான் மகளைக் குளிப்பாட்டியவர். வெளியே விறகு பிளந்துகொண்டிருந்த கணவருக்கு எத்தொல்லையும் இல்லை. குளியலறைக்குள் இருந்த இருவருக்கு மட்டும் தலைவலி; வெளியே இருந்தவருக்கு இல்லை. உடனே இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடின் அளவைப் பரிசோதித்தோம். இருவருக்குமே அது இயல்பைவிடப் பன்மடங்கு உயர்ந்திருந்தது. முகமூடி வழியாக ஆக்சிஜன் அளித்தோம். பல மணி நேரக் கண்காணிப்புக்குப் பின் இருவரும் தேறினர். உள்ளறையில் உறங்கிக்கொண்டிருந்த குழந்தையையும் வரவழைத்துப் பரிசோதித்தோம். நல்வாய்ப்பாகக் குழந்தைக்கு ஒன்றும் நேரவில்லை.

அவ்வீட்டில் குளியலறைக்குள்ளேயே செம்பு பாய்லர் ஒன்று உண்டு. பச்சைப் பிள்ளைக்காரிக்குக் குளிர்காற்று படக்கூடாது என்று கதவையும் சாளரத்தையும் அடைத்திருந்தனர். புகை கண்ணைக் கரித்ததால் எக்ஸாஸ்ட் மின்விசிறியைச் சுழலவிட்டிருந்தனர். அந்த விசிறி உதவியதா, கேட்டை மிகுதியாக்கியதா என்பதைப் பின்னர்ச் சொல்கிறோம்.

நீலகிரியில் விறகில் வெந்நீர் காய்ச்சாத தெருவே இல்லை எனலாம். ஆகவே இவ்விதழில் நுரையீரல் நோய்ப் பிரிவின் சார்பில், வீட்டுக்குள் இருக்கும் விறகு பாய்லரின் புகையை வெளியேற்றும் வழிகளைப் பற்றி எழுதுகிறோம். இது கொத்தனாரும் தகரவேலைக்காரரும் எழுத வேண்டிய செய்தி அல்லவா என்று சிலர் நினைக்கலாம். அவர்கள் தவறவிடும் வேலை இறுதியில் எங்கள் வார்டுக்கு வந்து சேர்வதால் நாங்களும் இதைக் கற்றுக்கொள்ள நேர்ந்தது.

பாய்லர் செய்யும் வேலை

செம்பு அல்லது பித்தளையால் ஆன உருளை. அதன் நடுவே மேலிருந்து கீழாகச் செல்லும் ஒரு குழாய். அடியில் நெருப்புக்கான சல்லடைத் தட்டு. நடுக்குழாயில் விறகோ கரியோ எரிகிறது. அதைச் சுற்றியுள்ள நீர் காய்கிறது. மேலே உள்ள புனலில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால், அது அடிக்குச் சென்று, மேலிருந்த வெந்நீரை மூக்கின் வழியாக வெளியே தள்ளும். நீர்ப்பகுதி எப்போதும் திறந்தே இருப்பதால் இதில் அழுத்தம் சேர்வதில்லை. அந்தப் புனலையோ மூக்கையோ அடைத்தால் மட்டுமே வெடிக்கும் ஆபத்து உண்டு. நீரில்லாமல் எரித்தால் பற்றவைப்பு இளகி ஒழுகும். இவ்விரண்டையும் பெரும்பாலோர் அறிவர். எங்களில் சிலர் சிறுவயதில் இதே பாய்லரின் கங்கில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு சுட்டுத் தின்றவர்கள். அப்பொருள்மீது எங்களுக்குப் பகை ஏதும் இல்லை.

குறை வேறோர் இடத்தில் உள்ளது. நடுக்குழாயின் மேல்முனை கூரையை நோக்கித் திறந்தபடி ஒரு சாண் உயரத்தோடு நின்றுவிடுகிறது. முற்றத்திலோ கொல்லைப்புறத்திலோ வைத்துப் பயன்படுத்துவதற்காகவே அது அவ்வாறு செய்யப்பட்டது. வீடுகள் சுருங்கி, முற்றம் மறைந்து, குளியலறை வீட்டுக்குள் வந்தபோது பாய்லரும் உடன் வந்துவிட்டது. புகை செல்ல வேண்டிய திறந்தவெளி மட்டும் வரவில்லை.

புகையில் இருப்பவை

விறகுப்புகை இரண்டு விதமாகக் கேடு செய்கிறது. ஒன்று அன்றைக்கே கொல்லக்கூடியது. மற்றொன்று முப்பது ஆண்டுகள் எடுத்துக்கொள்வது.

முதலாவது, கார்பன் மோனாக்சைடு. காற்று போதாமல் எரியும் எந்த நெருப்பிலும் அது உண்டாகிறது. நிறமில்லை, மணமில்லை, கண்ணைக் கரிப்பதில்லை. இரத்தத்தின் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றோடு இணைகிறது. ஆக்சிஜன் அமர வேண்டிய இருக்கையில் அது அமர்ந்துவிடுவதோடு, மீதியிருக்கும் ஆக்சிஜனும் உடலின் திசுக்களுக்கு எளிதில் இறங்காதபடி தடுக்கிறது. மூளையும் இதயமும்தான் முதலில் தவிக்கின்றன. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், கால்களில் வலுவின்மை, நெஞ்சுவலி, குழப்பம், மயக்கம் என்று அது வளர்கிறது. கால்கள் முதலிலேயே தளர்ந்துவிடுவதால், ஆபத்தை உணர்ந்தவரும் கதவைத் திறக்க எழமுடியாமல் போவதுண்டு.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவியை இங்கு நம்பக் கூடாது. அது சிவப்பொளியைக் கொண்டு இரத்தத்தின் நிறத்தைப் படிக்கும் கருவி. கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினும் ஆக்சிஜன் ஏறியதைப் போலவே செந்நிறமாக இருப்பதால், அக்கருவி இரண்டையும் ஒன்றாகவே எண்ணிவிடுகிறது. மேலே சொன்ன இளந்தாய்க்கு 98 என்று காட்டியது இதனால்தான். கோவிட் காலத்துக்குப் பின் பல வீடுகளில் இக்கருவி இருக்கிறது. அதில் நல்ல எண் தெரிகிறது என்பதற்காகப் பாய்லர் அறையில் மயங்கியவரை வீட்டிலேயே படுக்கவைத்துவிடாதீர்கள்.

மற்றொரு தவறான எண்ணமும் உண்டு. இவ்வாயு கனமானது, தரையில்தான் தேங்கும் என்று பலர் கூறக் கேட்கிறோம். அது காற்றைவிடச் சற்றே இலேசானது. அறை முழுவதும் ஒரே சீராகக் கலந்துவிடும். கட்டிலில் படுத்தாலும் பாயில் படுத்தாலும் வேறுபாடு இல்லை.

இரண்டாவது கேடு, புகையில் மிதக்கும் நுண்துகள்கள். தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத துகள்கள் மூக்கின் வடிகட்டலுக்குத் தப்பி, நுரையீரலின் காற்றறைகள் வரை சென்று படிகின்றன. உலக நலவாழ்வு அமைப்பு 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒரு கன மீட்டர் காற்றில் இத்துகள்களின் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது. புகைப்போக்கியில்லாத அடுப்பு எரியும் அறையில் அந்த அளவு நூற்றுக்கணக்கில் இருக்கும். அவ்வமைப்பின் மதிப்பீட்டில், வீட்டுக்குள் எழும் அடுப்புப்புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் உரிய காலத்துக்கு முன்பே இறந்தனர்.

எங்கள் புறநோயாளர் பிரிவில் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்காக இன்ஹேலர் வாங்க வரும் முதிய பெண்களில் பலர் ஒரு பீடிகூடப் பிடித்தவர்கள் அல்லர். "நான் எந்தக் கெட்ட பழக்கமும் இல்லாதவள் ஆயிற்றே" என்று அவர்கள் குற்றவுணர்வோடு கேட்கும்போது எங்களுக்கு வருத்தமாக இருக்கும். அவர்கள் செய்த ஒரே பிழை, நாற்பது ஆண்டுகள் குடும்பத்துக்கு வெந்நீர் வைத்ததுதான்.

சாளரம் புகைப்போக்கி ஆகாது

"எங்கள் குளியலறையில் வென்டிலேட்டர் இருக்கிறது" என்பது நாங்கள் அடிக்கடி கேட்கும் விடை. காற்றுச் சாளரம் தேவையானதுதான். ஆனால் அதன் வேலை வேறு. அறை முழுவதும் பரவிவிட்ட புகையில் ஒரு பகுதி, காற்று இசைந்தால், அதன் வழியே செல்லும். காற்று எதிர்த்து வீசினால் அதே வழியாகத் திரும்பி வரும். அறைக்குள் பரவுவதற்கு முன்பே, நெருப்பின் வாயிலிருந்தே புகையைப் பிடித்து வெளியே கொண்டு செல்வதுதான் புகைப்போக்கி.

அது இயங்கும் முறை எளியது. சூடான வாயு இலேசானது. உயர்ந்த குழாய் ஒன்றில் அத்தகைய வாயு நிறைந்திருந்தால், வெளியிலுள்ள குளிர்ந்த, கனமான காற்று அதைக் கீழிருந்து மேலே தள்ளும். இதை இழுவை என்பர். குழாய் எவ்வளவு உயரமோ, உள்ளே வாயு எவ்வளவு சூடோ, அந்த அளவுக்கு இழுவை வலுப்பெறும். குழாய் குட்டையாக இருந்தாலோ, குளிர்ந்து போனாலோ, வளைந்து வளைந்து சென்றாலோ இழுவை குன்றும்; புகை அறைக்குத் திரும்பும். புகைப்போக்கி பற்றி நாங்கள் சொல்லப்போகும் அளவுகள் யாவும் இவ்வொரு விதியிலிருந்து வருபவையே.

எங்கள் முதல் பரிந்துரை

இடமிருந்தால் பாய்லரை வெளியே கொண்டு செல்லுங்கள். கொல்லைப்புறச் சுவரை ஒட்டி, மூன்று பக்கம் திறந்த ஒரு சாய்ப்பு இறக்கி, அதன்கீழ் பாய்லரை நிறுத்தி, வெந்நீரைச் சுவர்வழியே ஒரு குழாயால் குளியலறைக்கு விடலாம். இல்லையேல் வாளியில் சுமக்கலாம். எவ்வளவு நல்ல புகைப்போக்கி பொருத்தினாலும், நெருப்பே வீட்டுக்குள் இல்லாமல் இருப்பதற்கு அது இணையாகாது. செலவும் குறைவு. ஆனால் அச்சாய்ப்பு படுக்கையறைச் சாளரத்துக்கு நேர்கீழே அமையலாகாது. புகை வீட்டைச் சுற்றி மறுபடியும் உள்ளே வந்த வீடுகளையும் பார்த்திருக்கிறோம். சாய்ப்புக்கு மழைச்சாரல் அடிக்கிறது என்று நான்கு பக்கமும் தார்ப்பாய் கட்டினால் அது மீண்டும் மூடிய அறையாகிவிடும்.

வரிசை வீடுகளிலும், எஸ்டேட் குடியிருப்புகளிலும், சரிவில் நெருக்கிக் கட்டிய வீடுகளிலும் இதற்கு இடம் இராது என்பதை அறிவோம். அவ்வீடுகளுக்கு உரியவை அடுத்து வரும் இரண்டு வழிகள்.

நேராக மேலே செல்லும் குழாய்

வீட்டுக்குள்ளேயே பாய்லர் இருந்தாக வேண்டுமெனில், கூரையைத் துளைத்து நேராக மேலே செல்லும் குழாயே சிறந்தது. வளைவு இல்லாததால் இழுவை வலுவாக இருக்கும். குழாயின் பெரும்பகுதி அறைக்குள்ளேயே இருப்பதால் எளிதில் குளிராது. மேலிருந்து தூரிகை விட்டுத் துடைக்கவும் எளிது.

குழாயின் விட்டம் பாய்லர் வாயின் விட்டத்துக்குக் குறையவே கூடாது. நான்கு அங்குல வாய்க்கு மூன்று அங்குலக் குழாயை ஒடுக்கிப் பொருத்துவது கழுத்தை நெரிப்பதற்கு ஒப்பாகும். பாய்லரின் வாயிலிருந்து குழாயின் உச்சிவரை 12 அடியாவது உயரம் வேண்டும். 15 அடி இருந்தால் மேலும் நன்று. கூரைக்கு மேலே எவ்வளவு நீட்ட வேண்டும் என்பதற்கு அமெரிக்கக் கட்டட விதிகளில் உள்ள அளவு நினைவில் வைக்க எளியது: குழாய் கூரையை விட்டு வெளிவரும் இடத்திலிருந்து 3 அடியாவது உயர வேண்டும், அத்துடன் 10 அடித் தொலைவுக்குள் இருக்கும் கூரை முகடு, தண்ணீர்த் தொட்டி, அண்டைச் சுவர் எதுவாயினும் அதைவிட 2 அடி உயர்ந்து நிற்க வேண்டும். இல்லையேல் முகட்டைத் தாண்டி விழும் காற்று புகையைக் குழாய்க்குள்ளேயே திருப்பி அழுத்தும். மலைச்சரிவில் உள்ள வீடுகளில் இது மிகவும் முக்கியம். மேட்டு வீட்டின் வாசலும் உங்கள் குழாயின் உச்சியும் ஒரே மட்டத்தில் இருந்தால், உங்கள் புகை அவர்கள் வீட்டுக்குள் போகும். உச்சியில் மழைத்தொப்பி இருக்கட்டும். ஆனால் தொப்பிக்கும் குழாய்வாய்க்கும் இடையே குழாயின் விட்டத்தளவு இடைவெளியாவது விடவேண்டும். தொப்பியை மிகத் தாழ்த்தி வைப்பதால் இழுவை கெட்ட குழாய்கள் பல.

எதனால் ஆன குழாய் என்பது அடுத்த கேள்வி. கறுப்பு இரும்புத் தகடு அல்லது எவர்சில்வர் குழாய் ஏற்றது. துத்தநாகம் பூசிய தகட்டை நெருப்பையொட்டிய பகுதியில் பயன்படுத்தவேண்டாம். மிகுந்த சூட்டில் அப்பூச்சு ஆவியாகிக் காய்ச்சலையும் மூச்சுத் தொல்லையையும் உண்டாக்கும். பி.வி.சி. குழாய் உருகும், உருகுவதற்கு முன்பே நச்சு வாயுவை வெளிவிடும். இதைச் சொல்லவும் வேண்டுமா என்று நினைத்ததுண்டு. ஆனால் பச்சைநிறத் தோட்டக்குழாயையே புகைக்குழாயாக நீட்டியிருந்த வீட்டின் ஒளிப்படத்தை ஒரு நோயாளியின் மகன் எங்களிடம் காட்டிய பின், சொல்லியே ஆகவேண்டும் என்று தெளிந்தோம். பழைய கட்டடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் குழாய் புகைப்போக்கியாக நிற்பதைக் காணலாம். சூட்டில் அது வெடித்துச் சிதறக்கூடும். புதிதாக எவரும் அதைப் பொருத்தவேண்டாம்.

கூரையே ஆஸ்பெஸ்டாஸ் தகடாக இருப்பின் அதில் துளையிடுவதில் மிகுந்த எச்சரிக்கை தேவை. அறுக்கும்போதும் துளைக்கும்போதும் எழும் தூசியில் உள்ள இழைகள் நுரையீரலில் தங்கி, பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயை உண்டாக்க வல்லவை. அந்த ஒரு தகட்டை முழுமையாகக் கழற்றிவிட்டு அவ்விடத்தில் இரும்புத் தகடு போட்டு, அதில் துளையிடுவதே நல்லது. ஓட்டுக் கூரையில் இவ்வளவு தொல்லை இல்லை. ஓர் ஓட்டை எடுத்துவிட்டுத் தகட்டுப் பட்டை வைத்து அடைக்கலாம். ஒற்றைச்சுவர்க் குழாய்க்கும் மரச்சட்டம், பலகைத் தளம், தெர்மோகோல் போன்ற எரியக்கூடிய எதற்கும் இடையே 18 அங்குலம் இடைவெளி வேண்டும். மரச்சட்டங்களுக்கு நடுவே செல்ல நேர்ந்தால் இரட்டைச்சுவர்க் குழாய் போட வேண்டும்.

குழாய்த் துண்டுகளை இணைக்கும்போது மேல்துண்டின் முனை கீழ்த்துண்டின் உள்ளே இறங்கியிருக்க வேண்டும். பலர் தலைகீழாகச் செய்வதால், குழாய்க்குள் வழியும் கரித்தார் இணைப்பு வழியே கசிந்து சுவரில் கறுப்புக் கோடாக இறங்குகிறது. தார் கசியும் இணைப்பில் வாயுவும் கசியலாம்.

சுவரைத் துளைத்து வெளியே சென்று உயரும் குழாய்

மேலே மாடிவீடு இருந்தாலோ கான்கிரீட் தளத்தைத் துளைக்க இசைவு கிடைக்காவிட்டாலோ இதுவே வழி. பாய்லரிலிருந்து முதலில் இரண்டு மூன்று அடியாவது நேராக மேலே சென்று, பிறகு சுவரைத் துளைத்து வெளியேறி, மீண்டும் செங்குத்தாகக் கூரைக்கு மேலே உயர வேண்டும். கிடையாகச் செல்லும் பகுதி மிகக் குறுகியதாகவும், அதுவும் ஓர் அடிக்குக் கால் அங்குலம் வீதம் மேல்நோக்கிச் சாய்ந்ததாகவும் இருக்கட்டும். வளைவுகள் இரண்டுக்கு மேல் வேண்டாம். வெளிக்குழாயின் அடியில், திறந்து சாம்பல் எடுக்கும்படி மூடியுள்ள துண்டு ஒன்றைப் பொருத்தச் சொல்லுங்கள்.

சுவரைத் தாண்டியதும் குழாயை அப்படியே நிறுத்திவிடுவதுதான் நாங்கள் மிகுதியாகக் காணும் பிழை. ஓர் அடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அக்குழாய்க்கு உயரமே இல்லை. ஆகவே இழுவையும் இல்லை. அந்தப் பக்கமிருந்து காற்று வீசும் நாளெல்லாம் புகை உள்ளேதான்.

வெளிக்குழாய்க்கு உள்ள குறை குளிர். பனிக்காலத்து விடியலில் குழாய்க்குள் இருக்கும் காற்று உறைநிலைக்கு அருகில் கனத்துக் கிடக்கும். நெருப்பு மூட்டியதும் புகை அதைத் தள்ளிக்கொண்டு மேலே போக இயலாமல் அறைக்குள் கவிழும். முதலில் அடிமூடியைத் திறந்து ஒரு செய்தித்தாளைக் கொளுத்தி உள்ளே வைத்து, குழாய் வெதுவெதுப்பான பின் மூடிவிட்டு விறகை மூட்டினால் இத்தொல்லை குறையும். வசதி உள்ளோர் வெளிப்பகுதிக்கு இரட்டைச்சுவர்க் குழாய் போடலாம். வெப்பம் காக்கப்படுவதால் இழுவையும் நிலைக்கும், தாரும் குறையும்.

சமையலறைப் புகைப்போக்கியோடு பாய்லர் குழாயையும் சேர்த்துவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். ஒன்று எரியாத நேரத்தில் மற்றதன் புகை அதன்வழியே வீட்டுக்குள் இறங்கும்.

எக்ஸாஸ்ட் விசிறியின் சூழ்ச்சி

இப்போது தொடக்கத்தில் சொன்ன வீட்டுக்கு வருவோம். அவ்வீட்டு பாய்லருக்குச் சுவர்வழியே சிறிய குழாய் ஒன்று இருக்கத்தான் செய்தது. கதவும் சாளரமும் அடைத்த அறையில் எக்ஸாஸ்ட் விசிறி சுழன்றபோது, அது வெளியே தள்ளிய காற்றுக்கு ஈடாக வேறு காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். திறந்திருந்த ஒரே வழி அந்தப் புகைக்குழாய்தான். ஆகவே மேலே போக வேண்டிய வாயுவை விசிறி கீழே இழுத்து அறைக்குள் கொட்டியது. கண்ணைக் கரித்த புகை விசிறியால் ஓரளவு வெளியேறியதனால், அறை தெளிந்துவிட்டது போலவும் தோன்றியது. நெருப்புக்கும் காற்று குறைந்தது. காற்று குறைய, கார்பன் மோனாக்சைடு மிகுந்தது.

பாய்லர் எரியும்போது அதே அறையில் எக்ஸாஸ்ட் விசிறி சுழலக் கூடாது. அருகிலுள்ள சமையலறையின் மின்புகைப்போக்கியும், கதவு இடுக்கு வழியாக இதே வேலையைச் செய்யக்கூடும். நெருப்புக்கு வேண்டிய காற்று வர, தரையையொட்டி, குழாய்வாயின் பரப்புக்குக் குறையாத ஒரு துளையை வெளிச்சுவரில் விட்டு, எலி புகாதபடி கம்பிவலை அடித்துவிடுங்கள். குளிர்கிறது என்று அதில் சாக்கைத் திணிக்கக் கூடாது. குளிப்பவர் உள்ளே வருமுன் நெருப்பு அணைந்து, கங்கும் வெளியே எடுக்கப்பட்டிருப்பதே முறை. தண்ணீர் காய்ந்த பிறகுதான் குளியல், காய்ந்துகொண்டிருக்கும்போது அன்று.

எரிபொருளும் கங்கும்

ஈரவிறகு நெருப்பின் சூட்டைத் தன் நீரை ஆவியாக்குவதிலேயே செலவழிக்கிறது. குழாய் குளிர்கிறது, புகை மிகுகிறது, கரித்தார் படிகிறது. படிந்த தார் ஒருநாள் தானே பற்றிக்கொண்டு குழாய் முழுவதும் எரியக்கூடும். பிளந்து, மழைபடாமல் அடுக்கி, ஆறு மாதமாவது உலர்ந்த விறகே எரிக்கத் தக்கது. சீகையாயினும் தைலமரமாயினும் இதே விதிதான். வண்ணம் பூசிய பலகை, பிளைவுட், பழைய செருப்பு, பால் உறை ஆகியவற்றைப் பற்றவைக்கக்கூடப் பயன்படுத்தவேண்டாம்; அவற்றின் புகையில் உள்ள நச்சுகள் விறகுப்புகையைவிடக் கொடியவை. தாய்மார்கள் நெருப்பு மூட்ட ஒரு பால் உறையைச் செருகுவது எளிதில் விடாத பழக்கம். காய்ந்த தென்னம்பாளையோ கொட்டாங்குச்சியோ அதே வேலையைச் செய்யும்.

கரியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். விறகு புகைந்தால் கண் கரித்து நாம் எழுந்து போகிறோம். கரியும் கங்கும் புகையே காட்டாமல் கார்பன் மோனாக்சைடை மிகுதியாக வெளியிடுகின்றன. பாய்லரில் மிஞ்சிய கங்கைச் சட்டியில் அள்ளி, குளிர்காயப் படுக்கையறைக்குக் கொண்டுபோய்க் கதவை அடைத்துக்கொள்ளும் வழக்கம் நம் மலையில் இன்னும் இருக்கிறது. மலையூர்களின் விடுதி அறைகளில் கரியடுப்போடு உறங்கிய சுற்றுலாப் பயணிகள் காலையில் எழாமற்போன செய்திகளையும் நாளிதழ்களில் படித்திருக்கிறோம். எங்களால் காப்பாற்ற இயலாமல் போனவர்களும் உண்டு. அவர்களின் வீட்டார் இவ்விதழைப் படிக்கக்கூடும் என்பதால் மேலே எழுதவில்லை. அள்ளிய கங்கையும் சாம்பலையும் மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு வீட்டுக்கு வெளியே வையுங்கள். சாம்பலுக்குள் கங்கு ஒருநாளுக்கு மேலும் உயிரோடு இருக்கும்.

குழாயை மாதம் ஒருமுறை தட்டிப் பார்த்து, குளிர்காலத்துக்கு முன்னும் பின்னும் தூரிகை விட்டுத் துடைக்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் பயன்படுத்தாமல் விட்ட குழாய்க்குள் பறவை கூடு கட்டியிருக்கும். மழை தொடங்கியதும் பாராமல் மூட்டிவிடுவர்.

எங்கள் நோயாளிகளுக்கு

ஆஸ்துமாவோ நுரையீரல் அடைப்பு நோயோ உள்ளவர் பாய்லர் மூட்டும் வேலையை வேறொருவரிடம் விட்டுவிட வேண்டும். "மருமகளிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது" என்பவர்கள் எங்களிடம் சொல்லட்டும். மருந்துச்சீட்டிலேயே எழுதித் தருகிறோம். இதயக்குழாய் அடைப்பு உள்ளவர்களுக்குச் சிறிதளவு கார்பன் மோனாக்சைடே நெஞ்சுவலியை வரவழைக்கும். கருவுற்ற பெண்களின் வயிற்றிலுள்ள சிசுவின் இரத்தத்தில் இவ்வாயு தாயைவிட மிகுதியாகச் சேர்ந்து, மெதுவாகவே நீங்குகிறது. தாய் தெளிந்துவிட்டார் என்பதால் சிசுவும் தெளிந்ததாகக் கொள்ள முடியாது.

வீட்டில் ஆக்சிஜன் வைத்துக்கொள்ளும் நோயாளிகளுக்கு வேறோர் ஆபத்து. ஆக்சிஜன் தானே எரிவதில்லை. ஆனால் அது தோய்ந்த துணியும் முடியும் ஒரு பொறியில் பற்றி எரியும். நெருப்புக்கு 10 அடித் தொலைவுக்குள் ஆக்சிஜன் குழாயோடு செல்லவே கூடாது. மூக்குக் குழாயோடு பாய்லரில் விறகு தள்ளப் போன ஒருவரின் முகத்தில் ஏற்பட்ட தீப்புண்ணுக்கு நாங்கள் சிகிச்சை அளித்திருக்கிறோம்.

பாய்லரையே விட்டுவிட எண்ணுவோர்க்கு: சூரியவெப்ப நீர்க்கலம் நல்லது, ஆனால் மூடுபனி மாதங்களில் அதற்குத் துணையாக மின்சாரம் வேண்டும். எரிவாயு கீசரைக் குளியலறைக்குள் மாட்டுவதால் விறகின் ஆபத்தே வேறு உருவில் திரும்பும். அதுவும் நெருப்புதான், அதற்கும் வெளியே செல்லும் புகைக்குழாய் வேண்டும், அறைக்கு வெளியே மாட்டுவது மேலும் நலம்.

கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி மின்கலத்தால் இயங்கும் சிறு பெட்டி. பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் 1986 வரை மஞ்சள் கேனரிக் குருவிகள் செய்த வேலையை அது செய்கிறது. இணையவழிக் கடைகளில் கிடைக்கிறது. படுக்கையறைக்கு அருகில், அதன் குறிப்பேட்டில் சொன்ன உயரத்தில் மாட்டி, ஆண்டுக்கணக்கைக் கவனித்து மாற்றுங்கள். புகையை உணரும் கருவி வேறு, இது வேறு. கடைக்காரர் தருவது எது என்று பெட்டியைப் படித்துப் பார்த்தே வாங்கவேண்டும்.

ஐயம் எழும் வேளையில்

பாய்லரோ கங்கோ இருந்த இடத்தில் ஒருவர் மயங்கினால், உள்ளே ஓடுமுன் நீங்கள் மூச்சை இழுத்துக்கொண்டு கதவையும் சாளரத்தையும் திறவுங்கள்; மயங்கியவரை வெளிக்காற்றுக்கு இழுத்து வாருங்கள். அங்கேயே உட்கார்ந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தால் நீங்களும் சரிவீர்கள். பிறகு 108ஐ அழையுங்கள். மூச்சில்லையெனில் நெஞ்சழுத்தம் தொடங்குங்கள். வெளிக்காற்றில் இவ்வாயு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். முகமூடியில் முழு ஆக்சிஜன் அளித்தால் ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் போதும். ஆகையால் எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று வீட்டிலேயே நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

மருத்துவமனை வாசலில் நீங்கள் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம் "மூடிய அறையில் விறகு எரிந்தது" அல்லது "கரி எரிந்தது" என்பதே. உடன் இருந்த வேறு யாருக்குத் தலைவலி, வீட்டு நாயோ பூனையோ சோர்ந்து கிடந்ததா என்பதையும் சொல்லுங்கள். தேறி வீடு திரும்பியவரிடம் அடுத்த சில வாரங்களுக்குள் மறதி, நடைத்தடுமாற்றம், குணமாற்றம், சிறுநீர் அடக்க முடியாமை ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே மீண்டும் அழைத்து வாருங்கள். நரம்புகளில் தாமதமாக வெளிப்படும் பாதிப்பு இவ்வாறுதான் தொடங்கும். அந்த இளந்தாய் ஆறாவது வாரம் மறுபரிசோதனைக்குக் குழந்தையோடு வந்தார். நலமாக இருக்கிறார். பாய்லர் இப்போது கொல்லையில் இருக்கிறதாம். வெந்நீர் சுமக்கும் வேலை கணவருடையது.